ஒச்சாயி அக்கா தைத்த தண்ணீர்ப் பை

"ஏன்டி நதியா, படகுன்னா மிதக்கத்தான செஞ்சிருக்காங்க? அதுக்குள்ள எதுக்குடி தண்ணிய ஊத்தச் சொல்றாங்க?"

ஒச்சாயி அக்கா இப்படிக் கேட்டபோது நாங்கள் இருவரும் எங்கள் பனியன் கம்பெனியின் ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தோம். எதிரே நான்கு சக்கர டிரெய்லர் மேல் ஒரு பழைய வெள்ளைப் படகு இருந்தது. பஞ்சுத் தூசி படிந்து அதன் நிறமே மங்கிப் போயிருந்தது. பிளஸ் டூ பிசிக்ஸில் மிதப்பைப் பற்றி ஐந்து மார்க் கேள்வி எழுதியவள்தான் நான். "தெரியலக்கா" என்றேன்.

"பன்னெண்டு வருசம் பள்ளிக்கூடம் போயி என்னத்தடி கத்துக்கிட்ட?" என்றார்.

இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. திருப்பூரை ஒட்டிய எங்கள் அருள்புரத்தில் இப்போது அக்காவைப் பற்றி ஒரு கதை சுற்றுகிறது. 'முதலாளி மகனோட படக முக்குன பொம்பள' என்று பஸ் ஸ்டாப்பில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் படகில் நானும் இருந்தேன். படகு மூழ்கவில்லை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது கதவு அக்காவுடையது, ஐந்தாவது எங்களுடையது. அவருக்கு நாற்பத்து நான்கு வயது. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். திருப்பூருக்கு வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. முதலில் டைலருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலை. மதிய இடைவேளையில் காலியாகக் கிடக்கும் மெஷினில் உட்கார்ந்து தானாகவே தைக்கக் கற்றுக்கொண்டார். கடந்த பதினாறு வருடமாக சாம்பிள் டைலர்.

சாம்பிள் டைலர் என்றால் என்னவென்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து ஒரு சட்டையின் படமும் அளவும் வரும். அதைப் பார்த்து முதல் சட்டையை முழுதாக வெட்டி, தைத்து, பட்டன் வைத்து அனுப்ப வேண்டும். அவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான் லைனில் ஐம்பதாயிரம் சட்டை ஓடும். லைனில் உட்காருபவர்கள் முழுச் சட்டை தைப்பதில்லை. ஒருவர் தோள் மட்டும் மூட்டுவார், அடுத்தவர் கழுத்து, அதற்கடுத்தவர் கை. காலையிலிருந்து மாலைவரை தோள் என்றால் தோள்தான்.

சாம்பிள் ரூமை நவம்பர் முதல் தேதி மூடப் போகிறோம் என்று சுரேந்தர் சார் அக்டோபர் தொடக்கத்தில் சொன்னார். அவர் முதலாளியின் மகன், முப்பது வயது இருக்கும். இப்போது வாங்குகிறவர்கள் கம்ப்யூட்டர் திரையிலேயே சட்டையைப் பார்த்துச் சரி சொல்லிவிடுகிறார்களாம். அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. லைனில் தோள் மூட்டும் இடம் ஒன்று காலியாக இருந்தது, அங்கே போகச் சொன்னார். சம்பளம் அதேதான்.

"சம்பளம் கெடக்கு. அந்தத் தோளு எந்தச் சட்டைக்குப் போகுதுன்னுகூடத் தெரியாமச் செத்துப் போவேன்டி" என்று அக்கா என்னிடம் சொன்னார்.

நானும் அதே கம்பெனியில் செக்கிங்கில் இருந்தேன். தைத்த துணியில் தப்புப் பார்ப்பது என் வேலை. பிளஸ் டூ முடித்து ஒரு வருடத்தில் அது எனக்கு மூன்றாவது கம்பெனி. எனக்கு ஓரிடத்தில் கால் தங்காது. அதனால் அக்கா ஏன் ஒரே மேசையை இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்பது அப்போது எனக்கு முழுதாகப் புரியவில்லை.

அந்த வாரம்தான் படகு வந்தது. சுரேந்தர் சார் வெளிநாட்டில் படித்தபோது ஒரு விளையாட்டைப் பழகியிருந்தார். படகு மெதுவாகப் போகும். அதன் பின்னால் எழும் அலையின் மேல் ஒரு பலகையை வைத்து நின்று, கயிற்றையும் விட்டுவிட்டு, அலை தள்ளத் தள்ள வர வேண்டும். வேக்சர்ஃபிங் என்று பெயர். பொள்ளாச்சிக்கு அப்பால் சொந்த ஏரியோடு ஒரு ரிசார்ட் இருக்கிறது. அவர்களுக்கு இந்த விளையாட்டை வைக்க ஆசை. புதுப் படகு கட்டுப்படியாகாது என்றார்கள். சுரேந்தர் சார் கொச்சியில் பத்து வருடமாக ஓடாமல் கிடந்த இந்தப் படகைப் பிடித்துக் கொண்டுவந்தார்.

இஞ்சினை ஓட வைத்தது முஸ்தபா அண்ணன். அவர் கம்பெனியின் ஜெனரேட்டர் மெக்கானிக். அக்காவின் கேள்விக்கு முதலில் பதில் சொன்னதும் அவர்தான்.

"அக்கா, இது ஸ்கீ படகு. பின்னால கயித்தப் புடிச்சுக்கிட்டு கட்டையில நின்னு சல்லுன்னு போவாங்களே, அவங்களுக்குச் செஞ்சது. பின்னால அலை எழும்பினா அவங்க விழுந்துருவாங்க. அதனால அலையே வரக்கூடாதுன்னு அடிவயித்தத் தட்டையா வச்சுச் செஞ்சிருக்கான். நம்ம சாருக்கு அலைதான் வேணும். படகு கனமா இருந்து, ஒரு பக்கமாச் சாஞ்சு, மெதுவாப் போனா அந்தப் பக்கம் அலை பெருசா எழும்பும். கல்லு மண்ணு ஏத்தினா இறக்க முடியாது. தண்ணின்னா ஏரியிலயே புடிச்சு ஏரியிலயே விட்டுறலாம்."

"சாஞ்சா கவுந்துறாதா?"

"கவுந்தா நீச்சலடிங்க."

"எடுபட்ட பயலே, நான் பொறந்த ஊர்ல குடிக்கவே தண்ணி கெடையாது."

முஸ்தபா அண்ணன் சிரித்தாலும் வேலையில் விளையாட மாட்டார். படகைத் தண்ணீரில் தள்ளும் விசிறி பின்புறம் நீட்டிக்கொண்டில்லாமல் வயிற்றுக்கு அடியில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்த்தார். அலையில் நிற்பவர் படகுக்குப் பத்தடி தூரத்திலேயே இருப்பார். விசிறி வெளியே இருக்கும் படகாக இருந்தால் இந்த வேலையைத் தொட்டிருக்கவே மாட்டேன் என்றார். அடுத்து புகைக் குழாய். அது பின்னால் நிற்பவரின் முகத்துக்கு நேராக ஊதியது. "ஜெனரேட்டர் ரூமைப் பூட்டிக்கிட்டு உள்ள நின்னா என்னாகுமோ அதேதான் ஆகும்" என்று சொல்லி, குழாயை நீட்டி, புகை தண்ணீருக்குள் போகும்படி கீழ்நோக்கி வளைத்துப் பொருத்தினார்.

மிச்சம் இருந்தது தண்ணீர்ப் பை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இரண்டு மாதம் ஆகும். ரிசார்ட் மேனேஜரோ இந்த மாதக் கடைசி ஞாயிறு பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். சுரேந்தர் சார் சாம்பிள் ரூமுக்கு வந்தார்.

"ஒச்சாயிக்கா, முந்நூறு லிட்டர் தண்ணி புடிக்கிற மாதிரி ஒரு பை தெச்சுக் குடுக்க முடியுமுங்களா? முன்னாடி வெக்கிறதுக்கு நூத்தம்பது லிட்டர்ல ஒண்ணு."

"சாம்பிள் ரூமைத்தான் மூடுறீங்களே சார்."

"இது சரியா வந்துதுன்னா மூடலீங்க. ரிசார்ட்டுக்குப் பை, படகு உறை எல்லாமே இங்கயே தெக்கலாமுங்க. நீங்களே பாத்துக்குங்க. வரலீன்னா ஒண்ணாந் தேதி லைனுக்குப் போயிருங்க."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"என்னக்கா, நம்பிக்கை இல்லீங்களா?"

"இருக்கு சார். எழுதியும் குடுங்க."

சார் சிரித்துக்கொண்டே ஒரு சாம்பிள் அட்டையின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அதை மெஷின் மேல் விளக்குக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார்.

முதல் பையைத் தைக்க அவருக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. எங்கள் ஊரில் வட்ட மெஷினில் பின்னும் துணி குழாயாகவே இறங்கும், பக்கத்தில் தையல் இருக்காது. தடிமனான பாலியஸ்டர் குழாய்த் துணி ஒன்றை எடுத்தார். துணி ரோலுக்குப் போடும் பாலித்தீன் குழாயை நான்கு மடிப்பாக உள்ளே விட்டார். இரண்டு முனையையும் கட்டி, ஒரு முனையில் வால்வு வைத்தார். தையலே இல்லாத பை, ஒழுக வழியே இல்லை என்று கட்டிங் மாஸ்டர்கூட வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

லாரித் தண்ணீர் வந்தபோது படகுக்குள் வைத்து நிரப்பினோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பை உருண்டு திரண்டு எழுந்தது. பேக்கிங் பெண்கள் சுற்றி நின்று, "அக்கா, இதுக்கு எத்தன மாசம்?" என்று கேட்டார்கள். "உன் வாயி மாதிரியே ஊதுதுடி" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அந்த உருண்டையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரவில்லை. செக்கிங் பார்க்கிற எனக்கும் வரவில்லை.

அடுத்த ஞாயிறு ஏரிக்குப் போனோம். மேனேஜர் அன்று வரவில்லை, எங்களுக்கே ஒரு ஒத்திகை. படகை ஓட்டியவர் ரிசார்ட்டின் படகோட்டி கந்தவேல் அண்ணன். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்து, கயிற்றை இழுத்துக் கட்டிய பிறகுதான் ஏறவிட்டார். அலை இடப் பக்கம் வேண்டும் என்பதால் பெரிய பையைப் பின்னால் இடது மூலையில் வைத்தோம், சின்னதை முன்னால். ஆட்களும் இடப் பக்கமே உட்கார வேண்டும்.

"உங்க எடை எத்தனைங்க?" என்று கந்தவேல் அண்ணன் கேட்டார்.

"பொம்பளகிட்ட கேக்குற கேள்வியா இது?" என்றார் அக்கா.

"படகு கேக்குதுங்க, நானில்லைங்க."

"எழுபத்தொண்ணு. இவ ஐம்பது. இவளக் கணக்குலயே எடுக்காத."

மணிக்குப் பதினேழு கிலோமீட்டர் வேகத்தில் போனோம். படகு இடப் பக்கம் சாய்ந்தது. அக்கா ஒரு கையால் கம்பியையும் இன்னொரு கையால் என் தலைமுடியையும் பிடித்துக்கொண்டார். பின்னால் இடுப்பளவு அலை எழுந்தது. சுரேந்தர் சார் பலகையில் எழுந்து நின்றார். நாங்கள் கைதட்டினோம். கந்தவேல் அண்ணன் ஏரியின் மூலையில் படகைத் திருப்பினார்.

பை உருண்டது. இடது மூலையிலிருந்து முந்நூறு கிலோ அப்படியே வலப் பக்கம் போய் மோதியது. படகு மறுபக்கம் சாய்ந்தது, சார் தண்ணீரில் விழுந்தார், முஸ்தபா அண்ணனின் ஒரு செருப்பு பைக்கு அடியில் மாட்டியது. கால் அதில் இல்லாதது நல்லகாலம். கந்தவேல் அண்ணன் உடனே இஞ்சினை நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை.

கரைக்கு வந்ததும் அக்கா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பையைச் சுற்றி அளந்தார். தைத்தபோது இருந்ததைவிடப் பதினேழு அங்குலம் கூடியிருந்தது.

"பின்னல் துணி சார்" என்றார். "இழுத்தா வரும். வரணும்னுதான் செய்யிறோம். கனம் ஏறுனதும் தொளதொளன்னு ஆயிருச்சு. உருளாம என்ன செய்யும்? நெய்த துணியில தச்சிருக்கணும். இருபத்திரண்டு வருசமாப் பின்னல் துணியையே பாத்துப் பாத்து, எனக்கு வேற துணி இருக்குறதே மறந்து போச்சு."

அது அக்காவின் தப்பு மட்டும் இல்லை. அந்தப் பையைப் பார்த்த இருபது பேரும் பின்னல் துணியிலேயே பிழைப்பவர்கள். துணி என்றால் எங்களுக்கு அதுதான்.

இரண்டாவது பைக்கு அக்கா பல்லடத்தில் லாரித் தார்ப்பாய் வாங்கி வரச் சொன்னார். நெய்த துணி, மேலே பூச்சு. அதைப் பெட்டி போல, அடி தட்டையாக வெட்டினார். படகின் தரையில் இருந்த வளையங்களோடு கட்ட நாடாவும், நாடாவில் இரும்புக் கண்ணியும் வைத்தார். உள்ளே அதே பாலித்தீன். ஜாக்கெட்டுக்கு உள்துணி வைப்பது போல, முதலில் பாலித்தீனை வாய்ப்பக்கம் பொருத்தி உள்ளே விட்டுவிட்டு, கடைசியாக வெளித்துணியின் மூலையை மூட்டினார்.

அந்தக் கடைசி மூலையில்தான் ஊசி உடைந்தது. சனிக்கிழமை மாலை. மறுநாள் மேனேஜர் பார்க்கும் நாள், அதிலிருந்து சில நாளில் ஒன்றாம் தேதி.

பனியன் கம்பெனிகளில் ஊசி உடைந்தால் ஒரு விதி உண்டு. உடைந்த எல்லாத் துண்டையும் தேடி எடுத்து, நோட்டில் டேப் போட்டு ஒட்டி, ஊசி முழுதாகிவிட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணி வெளியே போகக் கூடாது. குழந்தைச் சட்டைக்குள் முனை கிடந்தால் என்ன ஆகும்? அதனால்தான் இவ்வளவு கண்டிப்பு.

அக்காவின் ஊசி மூன்றாக உடைந்திருந்தது. இரண்டு துண்டு கிடைத்தது. முனை கிடைக்கவில்லை. நானும் அவரும் காந்தத்தை வைத்துத் தரை முழுக்கத் தேடினோம், மெஷினுக்கு அடியில் தேடினோம். பையை ஊசி கண்டுபிடிக்கும் மெஷினில் விட்டோம். மணி அடித்தது. ஆனால் இரும்புக் கண்ணி இருப்பதால் அது எப்படியும் அடிக்கத்தான் செய்யும்.

"கீழதான் விழுந்திருக்கும்" என்றார் அக்கா.

"கீழதான்க்கா விழுந்திருக்கும்" என்றேன் நானும்.

தையலைப் பிரித்துப் பார்த்தால் பாலித்தீனையும் மாற்ற வேண்டும், காலைக்குள் முடியாது. அக்கா இரண்டு துண்டையும் நோட்டில் ஒட்டினார். மூன்றாவதுக்கு இடம் விட்டார். கையெழுத்துப் போடாமல் நோட்டை மூடினார். விளக்குக் கம்பியில் தொங்கிய அட்டையை ஒருமுறை பார்த்தார். சாரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேனேஜர் மகுடேஸ்வரன் வெள்ளைச் சட்டையில் வந்தார். கரையில் நிற்காமல் படகிலேயே ஏறி உட்கார்ந்தார். இந்த முறை பை தரையோடு ஒட்டி அசையாமல் உட்கார்ந்தது. கந்தவேல் அண்ணன் இரண்டு முறை வேண்டுமென்றே திருப்பிப் பார்த்தார். நகரவில்லை. பிறகு சுரேந்தர் சார் பலகையோடு தண்ணீரில் இறங்கினார். அலை நன்றாக, கண்ணாடி போல எழுந்தது. சார் எழுந்து நின்றார், கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்தார், கயிற்றைப் படகுக்குள் வீசிவிட்டு இரண்டு கையையும் விரித்தார். கயிறு இல்லாமல் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார்.

அன்றும் பிடித்திருந்த என் தலைமுடியை அக்கா விட்டார். "அடியாத்தீ, இதுக்குத்தானா அம்புட்டுத் தண்ணி!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை.

மேனேஜருக்கும் பிடித்துவிட்டது. சார் படகில் ஏறியதும் மேனேஜர் சொன்னார்: "அருமைங்க சுரேந்தர். ஒண்ணு பண்ணுங்க, படகு, பை எல்லாத்தையும் இப்படியே இங்க வுட்டுட்டுப் போங்க. வர்ற சனிக்கெழம காலேஜ் புள்ளைக பன்னெண்டு பேரு வர்றாங்க. அவுங்களுக்கே தொடங்கிரலாமுங்க."

சார் என்னையும் அக்காவையும் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். சாம்பிள் ரூம் பிழைத்துவிட்டது என்று அர்த்தம். நான் அக்காவின் கையைப் பிடித்தேன். கை ஈரமாக இருந்தது.

அவர் பையின் கீழ் மூலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியாக மூட்டிய மூலை. அங்கிருந்து மெல்லிசாகத் தண்ணீர் கசிந்து தரையில் ஓடியது.

"அது ஒண்ணும் இல்லக்கா" என்று முஸ்தபா அண்ணன் மெதுவாகச் சொன்னார். "படகுன்னா கொஞ்சம் தண்ணி இருக்கும். பம்பு போட்டா போயிரும்." அவருக்கு ஊசி விஷயம் தெரியாது.

எனக்குத் தெரியும். அக்கா பேசாமல் இருந்துவிட்டால் இன்றைக்கு யாரும் கவனிக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். பை பாதி காலியானாலே உள்ளே தண்ணீர் அலையும், படகு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. அதோடு வெறுங்காலோடு ஏறப்போகும் பன்னிரண்டு பேர். அக்கா பேசிவிடக் கூடாது என்றுதான் அந்த நிமிடம் நான் நினைத்தேன். இதை மறைக்க விரும்பவில்லை.

"சார், இத விட்டுட்டுப் போக முடியாது" என்றார் அக்கா. "பை ஒழுகுது. நேத்து தைக்கையில ஊசி ஒடஞ்சுச்சு, முனை கெடைக்கல. இதுக்குள்ளதான் கெடக்குது போல."

"ஊசியா?" மேனேஜர் காலை மேலே தூக்கிக்கொண்டார். "ஏனுங்க, புள்ளைக வெறுங்கால்ல நிக்கிற எடமுங்க இது!"

"அதான் சொல்றேன் சார்."

கந்தவேல் அண்ணன் யாரும் சொல்லாமலே படகைக் கரைக்குத் திருப்பினார். பையைக் காலி செய்தோம். மேனேஜர், "பாத்துச் சொல்றேனுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். படகை மறுபடி டிரெய்லரில் ஏற்றினோம்.

திரும்பும் வழியில் வண்டி பல்லடத்தைத் தாண்டியது. பிறகு சார் கேட்டார்: "அங்க வெச்சுத்தான் சொல்லோணுங்களா அக்கா? என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமுங்களே?"

"நேத்தே சொல்லியிருக்கணும் சார். சொல்லாதது என் தப்பு. அதுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க. இன்னைக்குச் சொன்னதுக்குக் கேக்காதீங்க."

திங்கட்கிழமை அக்கா பையைப் பிரித்தார். மூலை மடிப்புக்குள், தார்ப்பாய்க்கும் பாலித்தீனுக்கும் நடுவே முனை குத்தி நின்றது. அதை எடுத்து நோட்டில் மூன்றாவது இடத்தில் ஒட்டி, அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். ஒன்றாம் தேதி சாம்பிள் ரூமைக் காலி செய்து அட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள். அக்கா லைனில் போய் உட்கார்ந்து தோள் மூட்டினார். முதல் நாளே தொள்ளாயிரம் தோள். அன்றைக்குத்தான் யாரோ "படக முக்குனியாமேக்கா?" என்று கேட்டு அந்தக் கதையைத் தொடங்கிவைத்தார். அதற்கு அக்கா, "தோளுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதுத்தா" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான், அவர் ஏன் அந்த மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று எனக்குப் புரிந்தது.

பத்து நாள் கழித்து மேனேஜர் போன் செய்தார். வேறு இரண்டு பேரிடம் பை கேட்டுப் பார்த்தாராம். இரண்டு பேரும் 'ஒண்ணும் ஆகாது சார்' என்று சொன்னார்களாம். "ஊசி கெடக்குதுன்னு சொன்னாங்களே, அந்த அக்காவையே தெச்சுத் தரச் சொல்லுங்க. ஆனா உள்ள ஊசியே படக்கூடாதுங்க" என்றாராம்.

அக்கா மதிய இடைவேளைகளில் மூன்றாவது பையைத் தைத்தார். இந்த முறை வரிசையை மாற்றினார். முதலில் தார்ப்பாய் வேலை முழுவதும். கண்ணி அடிப்பதற்கு முன்பே ஊசி மெஷினில் விட்டார். மணி அடிக்கவில்லை. இன்னொரு முறை விட்டார். அடிக்கவில்லை. பிறகு கண்ணி. எல்லாம் முடிந்த பிறகு, வாய் வழியாகக் கையை விட்டுப் பாலித்தீனை உள்ளே பரப்பி, வால்வோடு சேர்த்துக் கிளிப் போட்டு இறுக்கினார். பாலித்தீனில் ஒரு தையல்கூட இல்லை. கம்பெனியிலேயே இரண்டு நாள் நிரப்பி வைத்துப் பார்த்தோம். ஏரியில் கந்தவேல் அண்ணன் எட்டுப்போடுவது போலத் திருப்பிப் பார்த்தார். மேனேஜர் குனிந்து மூலை மூலையாகத் தடவிப் பார்த்தார். அன்றைக்கே படகு அங்கே தங்கிவிட்டது.

சாம்பிள் ரூம் திரும்பி வரவில்லை. அதில் இப்போதும் அட்டைப் பெட்டிதான். அக்கா விளக்குக் கம்பி அட்டையை எடுத்துக்கொண்டு சாரிடம் போனார். சார் அதைப் படித்துவிட்டு, "ரூம் இனி இல்லீங்க அக்கா. கட்டிங் பக்கத்துல ஒரு மெஷினும் மேசையும் போட்டுத் தர்றேனுங்க. வாரத்துல ரெண்டு நாளு ரிசார்ட் வேலை. மிச்ச நாளு லைனுங்க" என்றார். அக்கா, "மூணு நாளு" என்றார். மூன்று நாளாகவே முடிந்தது. அந்த மூன்று நாளும் அவர் பையோ படகு உறையோ, எதை எடுத்தாலும் முதல் வெட்டிலிருந்து கடைசி முடிச்சுவரை அவரே செய்கிறார். மற்ற மூன்று நாளும் தோள்.

முஸ்தபா அண்ணன் சொன்ன பதிலை இப்போது நானே சொல்ல முடியும். அந்தப் படகைச் செய்தவர்கள் தண்ணீரைக் கலைக்காமல் போகத்தான் செய்தார்கள். எங்களுக்குத் தண்ணீர் கலைய வேண்டியிருந்தது. அதற்குக் கனம் வேண்டும், அதுவும் ஓரிடத்தில் அசையாமல் இருக்க வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "இப்பச் சொல்லு. எல்லாம் முடிஞ்சப்புறம்" என்றார்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அருள்புரம் பஸ் ஸ்டாப்பிலோ உங்கள் கம்பெனி கேண்டீனிலோ 'படக முக்குன பொம்பள' என்று யாராவது தொடங்கினால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள். படகு மூழ்கவில்லை, அதை அப்படியே ஓடவிடாமல் தடுத்ததே அவர்தான் என்று சொல்லுங்கள். இது உங்கள் போனில் வந்திருந்தால் இரண்டு பேருக்காவது அனுப்புங்கள். தையல் மெஷினில் உட்காருபவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். ஊசியின் மூன்று துண்டும் ஒட்டிய அந்த நோட்டு இன்றும் கட்டிங் செக்‌ஷன் அலமாரியில் இருக்கிறது. நம்பாதவர்கள் வந்து பார்க்கலாம்.